சலாலாவில் மழை இல்லை என்று எழுதியவன்

நான் ரிட்டையர் ஆன கம்பெனியிலிருந்து போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்த இன்ஜினீயர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களாம். "சார், ஸ்கோப் மேனேஜ்மென்ட் பத்தி நீங்க ஒரு இருபது நிமிஷம் பேசணும் சார். 'சலாலா படிவம்' உங்களோடதுதானே? அதை இன்னமும் எங்க வகுப்புல காட்டுறோம்" என்றாள்.

தொண்டை சரியில்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. என் பெயர் போட்ட படிவத்தைத் திரையில் பெரிதாகக் காட்டி, நாற்பது பிள்ளைகள் கைதட்டினால், நான் உண்மையைச் சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரியும். கைதட்டல் கேட்டால் நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேனே தவிர, வாயைத் திறக்கமாட்டேன். காகிதத்துக்கு அந்த ஆபத்து இல்லை. அது கைதட்டாது.

ஸ்கோப் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒருவருக்கு ஒரு கட்டடம் வேண்டும். அவருக்கு என்ன வேண்டும், எதற்கு வேண்டும், நாம் எதுவரை செய்து கொடுப்போம், எதெல்லாம் நம் வேலையில் சேராது என்று கடைக்கால் தோண்டுமுன் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது. இப்போது இதற்குப் பரீட்சை, சான்றிதழ் எல்லாம் இருக்கிறது. எழுபதுகளில் எங்களுக்கு இதற்குப் பெயர்கூடக் கிடையாது. 'அந்தக் காகிதம்' என்போம். அந்தக் காகிதத்தை எழுதுவதில் என்னை மிஞ்ச வளைகுடாவிலேயே ஆள் இல்லை என்று ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார். அவர் நான்தான்.

எனக்குத் தென்காசி. டிப்ளமா முடித்து, பொதுப்பணித்துறையில் கண்மாய் மதகுகளுக்கு எஸ்டிமேட் போட்டு இரண்டு வருஷம் ஓட்டி, பம்பாயில் ஏஜெண்ட் கொடுத்த அறையில் பத்தொன்பது நாள் கிடந்து, ஷார்ஜா வந்து சேர்ந்தேன். பள்ளிக்கூட நாட்களில் இந்தி வேண்டாம் என்று ஊர்வலம் போனவன் நான். முன்வரிசையில் வேறு போனேன். ஷார்ஜாவில் இறங்கிய முதல் நாள் குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கே இந்தி வேண்டியிருந்தது. கற்றுக்கொண்ட இந்தியும் சைட்டில் கற்ற இந்தி. அதில் ஜல்தி உண்டு, அச்சா உண்டு, இலக்கணம் மட்டும் இல்லை.

எங்கள் ஆபீஸ் தொழில்பேட்டையில் இரண்டு கராஜுகளுக்கு நடுவில் இருந்தது. ஒருபக்கம் டிங்கரிங் சத்தம், இன்னொரு பக்கம் லாரி ஹாரன். கோடவுன், ஒர்க்‌ஷாப், ஷெட் கட்டுவது எங்கள் தொழில். எனக்கு மேலதிகாரி தம்பையா சார், யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. காலை பத்து மணிக்கு ஒரு வாழைப்பழம் சாப்பிடுவார். அதை உரிக்கும்போது யாரும் அறைக்குள் போகக்கூடாது. மற்ற நேரத்தில் யாரும் போக விரும்பமாட்டோம்.

காரணம் அவருடைய அடிக்கோல். நாங்கள் எழுதிக் கொண்டுபோகும் காகிதத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். முதலில் வரிசை எண், அடுத்து தேவை, மூன்றாவது 'சொன்னவர்'. தம்பையா சார் முதல் வரிக்குக் கீழே அடிக்கோலை வைப்பார். வரியைச் சத்தமாகப் படிப்பார். பிறகு தலையைத் தூக்காமல், "இது ஆர் சொன்னது?" என்பார். மூன்றாவது கட்டத்தில் பெயர் இருந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. கோல் அடுத்த வரிக்கு இறங்கும். பெயர் இல்லாவிட்டால் கோலை எடுத்து மேசை டிராயரில் வைத்துவிடுவார். "போய்க் கேட்டுக்கொண்டு வாரும்" என்பார். அவ்வளவுதான். அன்றைக்கு அந்த டிராயர் மறுபடி திறக்காது.

இந்த மூன்றாவது கட்டம் வந்ததே என் புண்ணியத்தில்தான். சேர்ந்த புதிதில் பட்டாணியர் ஒருவர் லாரி ஒர்க்‌ஷாப் கட்டச் சொன்னார். "படா தர்வாஸா" வேண்டும் என்றார். பெரிய கதவு என்று எழுதிக்கொண்டேன். எவ்வளவு பெரிது என்று கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த பெரிய கதவு எங்கள் ஊர் அரிசி மில் கதவு. அது பத்தடி. பத்தடிக்கே வைத்தோம். திறப்பு நாளன்று அந்த மனிதர் தன் தண்ணீர் டேங்கர் லாரியைக் கதவு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, என்னைக் கையைப் பிடித்து டிரைவர் சீட்டில் ஏற்றிவிட்டு, "அந்தர் லே ஜாவ், இஞ்சினீர் சாப்" என்றார். உள்ளே ஓட்டிப் போக வேண்டுமாம். லாரியின் தலை கதவுக்கு மேலே ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு லாரி ஓட்டத் தெரியாது என்பது அன்றைக்கு ஒரு சின்ன ஆறுதல்.

"பத்தடி எண்டு ஆர் சொன்னது?" என்று தம்பையா சார் அன்றுதான் முதலில் கேட்டார். மறுநாள் காகிதத்தில் மூன்றாவது கட்டம் வந்தது.

எனக்கு ரோஷம் வந்தது. இனி ஒருவன் என்னைக் கேள்வி கேட்கக்கூடாது என்று நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நானே தயாரித்தேன். கதவு எத்தனை அடி, லாரி எத்தனை டன், தரையில் எண்ணெய் சிந்துமா, எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்று எல்லாம் அதில் இருந்தன. ஸ்டென்சில் வெட்டி, பிரதி எடுக்க உருட்டியதும் நான்தான். போகப்போக ஒரு வசதி கண்டுபிடித்தேன். பதினோரு கேள்விகளுக்கு ஷார்ஜாவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும்? அந்தப் பதில்களையும் ஸ்டென்சிலிலேயே அடித்துவிட்டேன். முப்பத்தேழாவது கேள்வி மழை. பதில்: 'கணக்கில் கொள்ள வேண்டியதில்லை.' கேள்வித்தாளோடு விடையையும் சேர்த்து அச்சடித்த மேதை உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்படியிருக்கும்போது சலாலாவிலிருந்து ஒரு வேலை வந்தது. ஓமானின் தென்கோடியில் கடலுக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் ஊர். அங்கே மாவு, சர்க்கரை, அரிசி மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர் புது கோடவுன் கேட்டார். எல்லோரும் அவரை அர்பாப் என்பார்கள். முதலாளி என்று அர்த்தம். நானும் அப்படியே சொல்கிறேன். ஜனவரி மாதம், என் படிவக் கட்டோடு மஸ்கட் போய் அங்கிருந்து சலாலாவில் இறங்கினேன். சாலையின் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, வாழை, பப்பாளி. பாலைவனத்தில் இதெல்லாம் எப்படி என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். எனக்கு இளநீர் ஞாபகம்தான் வந்தது. வாங்கிக் குடித்தேன்.

அர்பாப் சிறுவயதில் பம்பாயில் கடை பழகியவர். உருது நன்றாகப் பேசுவார். என் இந்தியைக் கேட்டுப் பொறுத்துக்கொண்டார். பழைய கோடவுனைச் சுற்றிக் காட்ட அவருடைய ஸ்டோர்காரரை அழைத்தார். காசிலிங்கம், முதுகுளத்தூர் பக்கம். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவர் என்னை 'சார்' என்றார், நான் அவரை 'நீ' என்றேன். டை கட்டியவன் அப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

பழைய கோடவுனில் மூட்டைகள் தரையில் இல்லை. முழங்கால் உயரத்துக்குப் பலகை போட்டு அதன்மேல் அடுக்கியிருந்தார்கள். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடைவெளி. கடல் பக்கத்துச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை. அதன் அடிப்பாகம் பச்சை பூத்துக் கிடந்தது.

"இதென்ன, இவ்வளவு எடத்த வீணாக்கி வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

"தெரியல சார். நா வந்தன்னைக்கே இந்தப் பலகை கெடந்துச்சு. எதுக்குன்னு கேட்டா, இருக்கட்டும் இருக்கட்டும்கிறாக."

"எலிக்காக இருக்கும்" என்றேன்.

எலி என்று முடிவு செய்ததும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பலகையே வேண்டாம், தரையிலேயே அடுக்கலாம், நான் எலி வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். கடல் காற்று நன்றாக வருகிறதே என்று, கடல் பக்கத்துச் சுவரில் கூரையை ஒட்டி நீளமாகத் திறப்பு விட்டு, எலி நுழையாதபடி இரும்பு வலை போடுவதாக எழுதினேன். ஷார்ஜாவில் எங்கள் கோடவுன்களுக்கு அது பெரிய பெருமை. உள்ளே சூடு தங்காது.

அர்பாப் அந்த நாளில் மூன்று முறை ஒரே விஷயத்தைச் சொன்னார். "கரீஃப் மே ஆவ், பாய். ஃபேமிலி லேகே ஆவ்." கரீஃப் சமயத்தில் குடும்பத்தோடு வா, எல்லோரும் வெளியில் பாய் விரித்து உட்காருவோம், அப்போதுதான் சலாலா சலாலாவாக இருக்கும் என்றார். கரீஃப் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே. மூன்று முறையும் "இன்ஷா அல்லா" என்றேன். என் நாற்பத்திரண்டு கேள்விகளில் விருந்துக்கு அழைப்பது பற்றி ஒன்றும் இல்லாததால் எதையும் எழுதவில்லை.

திரும்பி வரும் விமானத்தில் படிவத்தைப் புரட்டினேன். அச்சடித்த பதினோரு பதில்களுக்கு எதிரே மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. ஷார்ஜாவாக இருந்தால் மறுநாள் சைக்கிளில் போய்க் கேட்டு நிரப்பலாம். சலாலாவுக்கு எந்த சைக்கிளில் போவது? அடிக்கோலும் டிராயரும் கண்முன் வந்தன. பேனாவை எடுத்துப் பதினோரு கட்டத்திலும் ஒரே பெயரை எழுதினேன். காசிலிங்கம், ஸ்டோர். விமானம் மஸ்கட்டில் இறங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக இருக்கும். உறுத்தவில்லை. டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.

தம்பையா சார் கோலை வரிவரியாக இறக்கினார். முப்பத்தேழாவது வரியிலும் பெயர் இருந்தது. சிவப்புக் கோடு விழுந்தது. அர்பாபும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இவ்வளவு கேள்வி கேட்டவன் எல்லாம் தெரிந்துதான் எழுதியிருப்பான் என்று நம்பியதாகப் பின்னால் சொன்னார். ஜூன் முதல் வாரம் கோடவுனை ஒப்படைத்தோம். பழைய கோடவுனிலிருந்து மூட்டைகளை எல்லாம் மாற்றி, தரையில் அடுக்கினார்கள். பழையதை அர்பாப் வேறொருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்.

ஜூலை பிறந்து பத்து நாள் இருக்கும். டெலக்ஸ் வந்தது. 'கோடவுனுக்குள் மழை. மாவு பாழ். மழை இல்லை என்று யார் சொன்னது?'

தம்பையா சார் அதை இரண்டு முறை படித்தார். "நான் கேக்கிற கேள்வியை அந்தாளும் கேட்டிருக்கிறார்" என்று சொல்லி ஃபைலை எடுத்தார். கோலை நேராக முப்பத்தேழாவது வரிக்குக் கீழே வைத்தார்.

"காசிலிங்கம். இவர் ஆர்?"

"அவங்க ஸ்டோர்ல இருக்கிற ஆளு சார்."

"இவரோடை நீர் கதைச்சனீரோ? மழை இல்லையெண்டு இவர் சொன்னவரோ?"

சாரதாவுக்கு, அதாவது என் மனைவிக்கு, அப்போதுதான் விசா கிடைத்திருந்தது. ஆகஸ்டில் ஷார்ஜா வருவதாக இருந்தாள். பஹ்ரைனில் இருந்த என் சிநேகிதன் எங்களுக்காக ஒரு மிக்ஸி வாங்கி அனுப்பியிருந்தான். வேலை போனால் விசாவும் போகும், மிக்ஸியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இதெல்லாம் ஒரு விநாடியில் தலைக்குள் ஓடியது.

"ஆமா சார்" என்றேன்.

'உங்கள் ஸ்டோர்காரர் காசிலிங்கம் சொன்னதாக எங்கள் பதிவில் உள்ளது' என்று தம்பையா சார் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். நானே டெலக்ஸ் ஆபரேட்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்க்கவும் செய்தேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. காசிலிங்கத்தை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வியாழக்கிழமை விமானத்தில் ஊருக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் உடனே வந்து கோடவுனைப் பார்க்க வேண்டும். அன்று திங்கள். "புறப்படும்" என்றார் தம்பையா சார்.

விமானம் சலாலாவை நெருங்கியபோது கீழே ஊரே தெரியவில்லை. ஒரே மேகம். இறங்கியதும் முகத்தில் சில்லென்று பொடிப்பொடியாக விழுந்தது. இடி இல்லை, மின்னல் இல்லை, கொட்டித் தீர்ப்பதும் இல்லை. குடை பிடித்தால் வெட்கம், பிடிக்காவிட்டால் நனைந்துபோவோம், அந்த மாதிரி. ஜனவரியில் மொட்டையாகக் கிடந்த மலை பச்சைப் பசேலென்று நின்றது. சாலையோரமெல்லாம் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, நனைந்துகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அர்பாப் சொன்ன கரீஃப் இதுதான். இது சாரல். குற்றாலத்துச் சாரல். அதே ஜூன், ஜூலை, ஆகஸ்ட். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரை நனைக்கும் அதே தென்மேற்குக் காற்று. தென்காசியில் பிறந்து, இருபது வருஷம் இதில் நனைந்து சளி பிடித்து வளர்ந்தவன், 'கணக்கில் கொள்ள வேண்டியதில்லை' என்று ஸ்டென்சிலில் அடித்திருக்கிறேன்.

கோடவுனுக்குப் போனோம். நான் எலிக்குப் பயந்து போட்ட வலை வழியாகக் கடல் காற்று சாரலை வாரி உள்ளே இறைத்துக்கொண்டிருந்தது. ஓர் எலிகூட இல்லை. அந்த அளவில் என் வேலை சுத்தம். சர்க்கரை மூட்டைகள் கசிந்து தரை பிசுபிசுத்தது. மாவு மூட்டைகள் கல்லாகியிருந்தன. காசிலிங்கம் ஒரு கம்பியால் அவற்றைக் குத்தி உடைத்து, உள்ளே ஏதாவது தேறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டு நீக்கிய ஆள். நாளை மறுநாள் விமானம். யாரும் சொல்லாமலே வந்து குத்திக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கம்பியைக் கீழே வைத்தார். சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சார், ஒண்ணு கேக்கணும் சார். மழையே பெய்யாதுன்னு நா எப்ப சார் சொன்னேன்? ரெண்டு நாளா யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரல. காயிதத்துல இருக்குதுன்னு அர்பாப் காட்டுனாரு. நீங்க படிச்சவுக, தப்பா எழுத மாட்டீக. ஒருவேளை வாய் தவறிச் சொல்லியிருப்பனோ?"

நான் எழுதிய பொய்யை, அது எழுத்தில் இருந்த ஒரே காரணத்துக்காக, அந்த மனிதர் தன் ஞாபகத்தைவிட அதிகமாக நம்பினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த 'சொல்லியிருப்பனோ' எனக்குத் தூக்கத்தில் கேட்கும். தம்பையா சார் என் முகத்தைப் பார்த்தார். காசிலிங்கத்தின் முகத்தையும் பார்த்தார். "ஐசே, நான் வெளியில நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

"நீ சொல்லல காசி. நான்தான் எழுதினேன்" என்றேன்.

"எம் பேரையா?"

"ஆமா."

"ஏன் சார்?"

"இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச பேரு உன் பேரு மட்டுந்தான். அதான்..."

அவர் கம்பியை எடுத்து அடுத்த மூட்டையில் ஒரு குத்துக் குத்தினார். "அர்பாப் பேரும் ஒங்களுக்குத் தெரியுமே சார்" என்றார்.

பதில் சொல்ல முடியாத ஆளாகப் பார்த்துத்தான் பெயரைப் போட்டிருக்கிறேன் என்பதை எனக்கே அப்போதுதான் அவர் சொல்லித் தெரிந்தது.

அர்பாப் வீட்டு முன்னறையில் என் வாழ்க்கையின் மிக நீண்ட இந்திப் பேச்சைப் பேசினேன். "உஸ்னே நஹி போலா. மேனே லிகா. ஜூட் லிகா." அவன் சொல்லவில்லை, நான் எழுதினேன், பொய் எழுதினேன். இலக்கணம் சரியா என்று இன்றுவரை தெரியாது. இந்தியில் நான் பேசிய முதல் முழு உண்மை அதுதான். தம்பையா சார் பக்கத்தில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அர்பாப் கத்தவில்லை. "நான் உன்னிடம் கரீஃப் என்று மூன்று முறை சொன்னேன்" என்றார். பிறகு ஜன்னல் வழியாக வெளியே சாரலைக் காட்டி, "இப்போது வந்துவிட்டாய். ஃபேமிலி கிதர்?" என்றார். குடும்பம் எங்கே?

அர்பாப் காசிலிங்கத்தின் பாஸ்போர்ட்டை மேசை டிராயரில் இருந்து எடுத்து, டிக்கெட்டை மட்டும் உருவிக் கிழித்துவிட்டு, பாஸ்போர்ட்டைத் திரும்ப உள்ளே போட்டார். காசி இருக்கட்டும், இந்த ஆளும் இருக்கட்டும், கரீஃப் முடியும்வரை என்று தம்பையா சாரிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் என் வேலை போயிற்று என்று எதிர்பார்த்தேன். தம்பையா சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பதினொரு கட்டத்திலையும் பேர் ஒரே மையில, ஒரே சாய்வில இருந்தது. நான் அண்டைக்கே கேட்டிருக்க வேணும். கேக்கேல்லை. அதுக்குக் கீழை கோடு போட்டது என்ரை பென்சில். நீர் இங்கை நில்லும். அந்த மனுசன் சொல்லச் சொல்ல, திரும்ப எழுதும்."

சாரதாவின் பயணத்தைத் தள்ளிப் போடச் சொல்லிக் கடிதம் எழுதினேன். காரணத்தையும் எழுதினேன். பதில் வந்தது. இரண்டே வரி. 'தென்காசிக்காரரு சாரலத் தெரியாமப் போனீங்களாக்கும். இதுக்கு நான் வேற வந்து பாக்கணுமா?' அக்டோபரில்தான் வந்தாள். இன்றைக்கும் மழை தூறினால், "இது மழைதானா, கணக்குல எடுத்துக்கலாமா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் கொடியிலிருந்து துணி எடுப்பாள்.

காசிலிங்கத்தோடு இரண்டு மாதம் இருந்தேன். முதல் வாரம் அவர் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் சுவரோரமாக உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நடப்பார். நான் நோட்டோடு பின்னால் போவேன். "கைய வெச்சுப் பாருங்க சார். இது வரைக்கும் ஈரம். இதுக்கு மேல காஞ்சிருக்கு. பலகை எவ்ளோ ஒசரம் வேணும்னு சொவரே சொல்லுதுல்ல?" என்பார். முழங்கால் உயரம். பழைய கோடவுனில் இருந்த அதே உயரம். சுவரை விட்டு ஓர் ஆள் நடக்கும் இடைவெளி, கதவு மலைப் பக்கம், கடல் பக்கம் அடைத்த சுவர், கூரை சுவரைத் தாண்டி நாலடி நீட்டல். மாவு நடுவில், சர்க்கரை ஓரத்தில் வேண்டாம். ஒவ்வொன்றும் அவர் சொன்னது. படித்தவன் சும்மா இருக்கக்கூடாது என்று நானும் ஒன்று சொன்னேன். தரையைக் கொஞ்சம் சரிவாக வைக்கலாம் என்றேன். "மூட்டை சரிஞ்சு எம் மேல விழும் சார்" என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

பதினெட்டு வரி சேர்ந்தது. மூன்றாவது கட்டத்தில் அவர் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தேன்.

"எம் பேரு போடாதீக சார்."

"இது நல்லதுக்குங்க. நீங்க சொன்னதுதானே எல்லாம்?" எப்போதிலிருந்து 'நீங்க' என்று சொல்லத் தொடங்கினேன் என்று ஞாபகம் இல்லை.

"சொன்னது நாந்தான். இல்லேங்கல. ஆனா எம் பேரு எந்தக் காயிதத்துலயும் வேணாம். ஒருவாட்டி இருந்தது போதும்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் பதினெட்டு கட்டத்திலும் என் பெயரை எழுதினேன்.

ஷார்ஜாவில் தம்பையா சார் கோலை வைத்தார். "இது ஆர் சொன்னது?"

"காசிலிங்கம் சார்."

"இதில உம்முடைய பேரெல்லோ கிடக்கு?"

"அவர் பேரைப் போட வேண்டாம்னு சொல்லிட்டார் சார்."

அடிக்கோலை டிராயரில் போடப்போகிறார் என்று நினைத்தேன். கோல் அதே வரியில் இருந்தது. "அதுவும் ஒரு தேவைதான். சொன்னபடி செய்யும்" என்றார். சிவப்புக் கோடு விழுந்தது.

அர்பாபின் கோடவுனை அந்தப் பதினெட்டு வரிப்படி மாற்றிக் கொடுத்தோம். அடுத்த கரீஃபில் ஒரு மூட்டைகூட நனையவில்லை. காசிலிங்கத்தைத் தலைமை ஸ்டோர்காரர் ஆக்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். நாலைந்து வருஷம் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினேன். அவர் பதில் எழுதியதில்லை. காகிதத்தில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. அதற்குக் காரணம் நான்.

பதினெட்டு வரியோடு என் பழைய கேள்விகளையும் சேர்த்து, அச்சடித்த பதில்களை எல்லாம் நீக்கி, கம்பெனி அதற்கு 'சலாலா படிவம்' என்று பெயர் வைத்தது. கடலோர வேலைகளுக்கெல்லாம் அதுதான் மாதிரி. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதை வைத்து ஒரு பதவி உயர்வு, அதை வைத்து இன்னொன்று. முதல் முறை அவர் சொல்லாததற்கு அவர் பெயர், இரண்டாம் முறை அவர் சொன்னதற்கு என் பெயர். அவர் விஷயத்தில் அந்த மூன்றாவது கட்டத்தை நான் ஒருமுறைகூடச் சரியாக நிரப்பவில்லை. முப்பது வருஷம் அதை வைத்துச் சாப்பிட்டேன்.

போன் செய்த பெண்ணுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் அந்தப் படிவத்தைக் காட்டும்போது என் பெயரை எடுத்துவிடம்மா. அந்த இடத்தில் வேறு பெயர் எதுவும் போட வேண்டாம். காலியாகவே இருக்கட்டும். ஏன் காலியாக இருக்கிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்டால், இதைப் படிக்கக் கொடு.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இந்தக் கட்டுரையில் காசிலிங்கம் என்று நான் எழுதியிருப்பது அவர் பெயர் இல்லை. எந்தக் காகிதத்திலும் வேண்டாம் என்று சொன்னார். இதுவும் காகிதம்தான்.